காலி ஸ்டோர், எண் ஒன்பது

“பிழிஞ்சது போதும், கொண்டா இங்க!”

புஷ்பவள்ளியின் கையிலிருந்து ஈரப் போர்வையைப் பஞ்சாலை பிடுங்கிக் கொடிக்கயிற்றில் வீசினாள். இன்னும் விடியவில்லை. செம்பனை மரங்களுக்கு மேலே வானம் துவைத்த தண்ணீரின் நிறத்தில் கிடந்தது. நான்கு மணியிலிருந்து இரண்டு பெண்களும் துவைக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தின் பதினான்கு வீட்டுத் துணி. எண்ணெய்ப் பிசுக்கும் உரமும் ஏறி விறைத்த வேலைச் சட்டைகள், பள்ளிச் சீருடைகள், கிழிந்த கைலிகள். முதல் நாள் முழுக்க முள்ளுக்கு நடுவே உதிரிப்பழம் பொறுக்கிய விரல்களில் சவுக்காரம் தீயாய் எரிந்தது.

“எனக்கு ஒன்னும் வெளங்கல லா, அக்கா,” என்றாள் புஷ்பவள்ளி. “நம்ம மொதலாளி டத்தோ ஓசியில கடலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. பிரியாணி வேற. நாம என்னடான்னா லயம் பூராத்தையும் தொவைச்சிக்கிட்டு இருக்கோம்.”

“ஒன் மாமியா செத்தப்ப எத்தன நாளு லீவு குடுத்தான்?”

“அரை நாளு. அதையும் சம்பளத்துல பிடிச்சிட்டான்.”

“இன்னிக்கு முழுச் சம்பளத்தோட லீவு. பஸ்ஸு. பிரியாணி. அவன் மனசு எளகிருச்சுன்னு நெனைக்கிறியா?”

பஞ்சாலை கைப்பேசியை நீட்டினாள். அவள் தங்கை நீலாவதி நகராண்மைக் கழக அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவள். நேற்று மாலை ஒரு மேசையில் விரிந்து கிடந்த வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். புக்கிட் செராயா தோட்டம். நடுவில் பெரிய கட்டம்: பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை. அதிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி வரிசையாகப் பதினான்கு சின்னக் கட்டங்கள். லயத்து வீடுகளான அவற்றின்மேல், கிடங்கு என்ற பொருளில் மலாயில் இரண்டே சொல். காலி ஸ்டோர்.

வீடுகளிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் இப்படிப்பட்ட ஆலை வரக்கூடாது என்பது விதி. வீடே இல்லையென்றால் விதி யாரைக் கடிக்கும்? ஆலைக்கு அனுமதி கேட்டு டத்தோ மனு போட்டாகிவிட்டது. இன்று பத்து மணிக்குக் கழகத்தார் நேரில் பார்வையிட வருகிறார்கள். ஆட்சேபம் சொல்ல இன்று மாலை ஐந்து மணிவரை கெடு. அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும் என்றும் விதி உண்டு; வைத்திருந்தார்கள். ஆற்றோரப் புதருக்குள், மரத்தைப் பார்த்தபடி. குரங்குகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“பத்து மணிக்கு நாம போர்ட்டிக்சன்ல கால நனைச்சிக்கிட்டு நிப்போம்,” என்றாள் பஞ்சாலை. “இங்க ஒரு துணி காயாது, ஒரு அடுப்பு எரியாது. ஸ்டோருதான்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நம்மள வெரட்ட நோட்டீசு கூட வேணாம். இல்லாத வீட்டுக்கு எதுக்கு நோட்டீசு?”

பிளாக்கி ஈரச்சேலைக்கடியில் நுழைந்து அவள் காலில் உரசியது. கறுப்பு நாய், கழுத்தில் சிவப்புப் பட்டை. போன வருடம் நாய் பிடிக்கிறவர்கள் லயத்து நாய்களில் ஆறை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து பஞ்சாலை அதைக் கண்பார்வையிலிருந்து விடுவதில்லை.

ஏழு மணிக்குப் பேருந்து வந்து ஹாரன் அடித்தது.

“ஏறுங்க, ஏறுங்க! டத்தோவுக்குத் தங்க மனசு, காக்க வைக்காதீங்க!” கங்காணியான மண்டோர் திருச்செல்வம் கைத்தட்டிக் கூவினான். டத்தோவின் தங்க மனசை அவன் நன்றாக அறிவான். மாதாமாதம் தொழிலாளிகளின் பழக்குலை எண்ணிக்கையைக் குறைத்து எழுதுவதே அவன் வேலை.

பாதி லயம் ஏறிவிட்டது. பிள்ளைகள் நீச்சல் வளையத்தை ஊதிக்கொண்டிருந்தார்கள். முன்னிருக்கையில் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்திருந்தவன் பஞ்சாலையின் கணவன் ராமகிருஷ்ணன். அவள் இரவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“எறங்குங்க,” என்றாள்.

“முப்பது வருஷமா குலை வெட்ட அரிவாளப் புடிச்சிக்கிட்டு மேலயே பாத்துப் பாத்துக் கழுத்து கோணிப் போச்சுடி. ஒரு நாளு நேரா கடலப் பாக்குறேனே. வர்றவன் எழுதுறததான் எழுதுவான். நம்ம பேச்ச யாரு கேக்குறா?”

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். பேருந்தின் நடுவே போய் நின்றாள்.

“இதுல ஸ்டோருல பொறந்தவன் யாரு? கையத் தூக்கு!”

ஒரு கையும் எழவில்லை. கைப்பேசி கை மாறிக் கை மாறிப் போனது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். நீச்சல் வளையத்திலிருந்து காற்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினான். “நம்ம ரெண்டு புள்ளையும் ஒம்பதாம் நம்பருலதான்டி பொறந்துச்சு,” என்று தனக்கே சொல்வதுபோல முணுமுணுத்து, முதல் ஆளாக இறங்கினான். பின்னால் எல்லாரும்.

“வேல போயிரும்! சொல்லிட்டேன்!” மண்டோர் குதித்தான்.

“ஒன்னாம் நம்பர் ஸ்டோருல குடும்பம் நடத்துறது நீதானே, மண்டோரு?” என்றான் ராமகிருஷ்ணன். “ஒன் பொண்டாட்டி புள்ளைய எந்தக் கணக்குல எழுதியிருக்கான்னு போயிக் கேளு.”

சிரிப்பு வெடித்தது. திருச்செல்வம் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். முதல் கட்டத்தை விரலால் பெரிதாக்கினான். அதன்பிறகு அவன் கூவவில்லை.

பத்து மணிக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. முதலில் டத்தோ வள்ளியப்பன் இறங்கினார். சிரம்பானில் வட்டிக்கடை வைத்த பாட்டன், தோட்டம் வாங்கிய அப்பன், இப்போது ஈயத்துக்கு ஆசைப்படும் பேரன். அடுத்து கவுன்சிலர் ஹேமநாதன். யாருடைய ஓட்டும் இல்லாமல் நியமனத்தில் வந்த மக்கள் தொண்டர். அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நாட்களில், நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெருந்தன்மை என்று பெயர். கடைசியாகக் கோப்போடு இறங்கினாள் கழகத்தின் இளம் அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்.

காலி ஸ்டோர்களின் முன்னால் பதினான்கு வரிசைத் துணி ஆடியது. பதினான்கு அடுப்பிலிருந்தும் நெத்திலிச் சம்பல் மணந்தது.

வள்ளியப்பனின் முகம் கறுத்தது. “யாரு உங்கள பஸ்ஸ விட்டு எறங்கச் சொன்னது?”

“கடலு எங்கயும் போயிராது, டத்தோ,” என்றாள் பஞ்சாலை. “லயம்தான் நாளைக்கு இருக்குமான்னு தெரியல.”

ஹேமநாதன் அதிகாரியிடம் திரும்பி மலாயில் தேனொழுகச் சொன்னார்: “இவர்கள் லுக்குட் நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள். வேலைக்கு வந்த இடத்தில் துணியைக் காயப்போட்டு நாடகம் ஆடுகிறார்கள்.”

அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். மின்கட்டணம் யார் பெயரில்? கம்பெனி பெயரில். தண்ணீர்? கம்பெனி. அடையாளக் கார்டில் என்ன முகவரி? தோட்டத்து அஞ்சல் பெட்டி எண்.

“கழகத்தின் ஏதாவது ஒரு பதிவில் இது குடியிருப்பு என்று இருந்தால் போதும். நான் எழுதியே ஆகவேண்டும்.” அவள் குரல் தாழ்ந்தது. “இல்லாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை.”

“எப்படி இருக்கும், பூவான்?” ஹேமநாதன் அதிகாரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே அவள் கையிலிருந்த கோப்பை மூடித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பஞ்சாலை குனிந்து பிளாக்கியின் கழுத்தைப் பிடித்திருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்குளுக்குள் போன கோப்பைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“இங்க வேணாம். கழகத்துக் கவுண்டருக்கே வர்றோம்.”

“கவுண்டருக்கா?” வள்ளியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். “எதுல வருவே? பறந்தா?”

“பஸ்ஸு நிக்கிதே, டத்தோ. சாயங்காலம் வரைக்கும் எங்களுக்குத்தானே எடுத்துக் குடுத்திருக்கீங்க?”

லயமே ஏறியது. பஞ்சாலை நாயையும் தூக்கிப் போட்டாள்.

“நாய எதுக்குடி?” என்றான் ராமகிருஷ்ணன்.

“அதுவும் ஊரு பாக்கட்டும்.”

அவளை அவன் சந்தேகமாகப் பார்த்தான். மார்ச் மாதம் ஒருநாள் மட்டம் போட்டுத் தனியாக டவுனுக்குப் போய்வந்தவள் அவள்; கேட்டதற்குப் பல்வலி என்றாள். எந்தப் பல் என்று இதுவரை சொல்லவில்லை.

“டத்தோ போர்ட்டிக்சன்னு சொன்னாரே,” என்று ஓட்டுநர் இழுத்தான். படியில் ஒரு கால் பதிந்தது. பிரியாணிப் பொட்டலக் கூடையோடு மண்டோர் திருச்செல்வம். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: “ரூட்டு மாறிருச்சு. ஓட்டு லா.”

யாரும் அவனைப் பாராட்டவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

போகிற வழியிலேயே பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்து ஆட்சேபம் எழுதினார்கள். பதிமூன்று வீடும் கையெழுத்துப் போட்டது. தாள் கடைசி இருக்கைக்குப் போனது. மண்டோர் நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்தான். திரும்பி வந்தபோது பதினான்கு.

கழக அலுவலகத்தின் குளிரூட்டிய கூடத்தில் செம்பனை வாடையும் பிரியாணி வாடையும் ஒன்றாக நுழைந்தன. கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆதாரம் இணைத்தால்தான் முத்திரை போடுவேன். போட்டாலும் முடிவு அடுத்த வாரக் கூட்டத்தில்தான். எப்படி வரும் என்று சொல்ல முடியாது.”

“வர்ற வாரமும் வருவோம்,” என்றாள் புஷ்பவள்ளி. “அப்ப பஸ்ஸுக்கு நாங்களே துட்டு போட்டுக்குவோம்.”

காவலாளி ஓடிவந்தான். “ஏய், நாய யாரு உள்ள விட்டது? லைசென்ஸ் இருக்கா?”

அன்றைக்கு முதல் தடவையாகப் பஞ்சாலை சிரித்தாள்.

பிளாக்கியின் சிவப்புப் பட்டையைத் திருப்பினாள். உட்புறத்தில் வட்டமான தகரவில்லை, அதில் கழகத்தின் முத்திரை, இந்த வருடம். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த லைசென்ஸ் தாளை எடுத்துக் கவுண்டரில் விரித்தாள்.

“அங்க காட்டியிருந்தா அக்குளோட போயிருக்கும்,” என்றாள் கணவனிடம். “நீங்க படிங்க. சத்தமா.”

ராமகிருஷ்ணன் கோணிய கழுத்தைச் சாய்த்து மலாய் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். “வளர்க்கும் இடம், எண் ஒன்பது, தொழிலாளர் லயம், புக்கிட் செராயா தோட்டம். கட்டட வகை, குடியிருப்பு வீடு. கழக அதிகாரி நேரில் சென்று பார்த்து உறுதி செய்தது.”

கழகத்தின் ஏட்டில் நாய்க்கு வீடு இருந்தது.

“கீழ இன்னும் ஒரு வரி இருக்கு,” என்றாள் பஞ்சாலை.

அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். ஒருமுறை தனக்குள் படித்தான். பிறகு, வெளியே நிற்கும் பேருந்துக்கும் கேட்கும்படி படித்தான்.

“பரிந்துரை செய்தவர், கவுன்சிலர் ஹேமநாதன்.”