கிறிஸ்டோபர் திருநாளும் கார் இன்ஸ்பெக்‌ஷனும்

எங்க வீட்டுக்காரர் பெர்னார்ட் இருந்த வரைக்கும் காருக்கு எந்தப் பக்கம் பெட்ரோல் ஊத்துறதுன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா ஓட்டத் தெரியும். எழுபத்தொன்பதாம் வருஷம் லைசென்ஸ் எடுத்தேன், ரெண்டாவது டெஸ்ட்லயே பாஸ். அவருக்கு நாலு தடவை ஆச்சு. யார் வீட்டுக்கு வந்தாலும் இதை நான் சொல்லாம விடமாட்டேன், அவர் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்குவார்.

அவர் போய் இந்த நவம்பர் வந்தா ஒரு வருஷம். கார் மட்டும் குவீன்ஸ்டவுன்ல எங்க புளோக் கீழ, அவர் எப்பவும் போடுற அதே இடத்துல நிக்குது. பச்சைக் கலர். பதினாலு வயசு. அடுத்த ஜூலையோட அதுக்கு ஆயுசு முடியுது, அப்புறம் ரோட்டுல விடமாட்டாங்க, ஸ்கிராப்புக்குத்தான் போகணும். இப்பவே கொடுத்துடுங்கம்மான்னு என் மக ஷார்லீன் சொல்லிக்கிட்டே இருந்தா. ஜூலை வரைக்கும் விட்டுடுடின்னு கெஞ்சினேன். அவ ஒரு கண்டிஷன் போட்டா.

"காரால ஒரே ஒரு பிரச்சினை வந்தாலும் அன்னைக்கே சாவி என் கையில. ஓகேவாம்மா?"

ஓகேன்னேன். என்ன பிரச்சினை வந்துடப்போகுது, அவர் அப்படிப் பாத்துக்கிட்ட கார்.

டிரைவர் சீட்டை நான் அதுவரைக்கும் முன்னால தள்ளினதே இல்லை. அவர் கால் நீளம், எனக்குக் கால் எட்டாது. முதுகுக்கு ஒரு தலகாணி வச்சுக்கிட்டுதான் ஓட்டினேன். ஒரு தடவை தள்ளிட்டா அவர் உட்கார்ந்த அளவு எதுன்னு அப்புறம் யாருக்குத் தெரியும்?

ஞாயித்துக்கிழமைக்குத்தான் எனக்கு அந்தக் கார் வேணும். ஆறேழு வருஷமா நாங்க ரெண்டு பேரும் காலையில கிராஞ்சிக்குப் போய், ஊர்லேர்ந்து வேலைக்கு வந்து டார்மிட்டரியில தங்கியிருக்கிற பையன்களைத் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிக்கிட்டு டவுனுக்கு வருவோம். அங்க பஸ்ஸை நம்பி நின்னா பூசை முடிஞ்சிடும் லா. பூசை முடிஞ்சதும் லிட்டில் இந்தியாவுல சாப்பாடு, அவங்க ஊருக்குப் போன் பேசுவாங்க, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். அவர் போன பிறகு நான் மட்டும் அதைச் செய்யறேன். அந்த ஒரு நாள்தான் எனக்கு வாரத்துல நாளுன்னு தெரியுது.

இன்னொரு விஷயம் சொல்லணும். ஜூலை இருபத்தஞ்சு கிறிஸ்டோபர் புனிதர் திருநாள். பிரயாணம் போறவங்களுக்கு அவர்தான் பாதுகாவல். அன்னைக்குச் சாயங்காலம் எங்க கோவில் கார்பார்க்ல ஃபாதர் வரிசையா எல்லா வண்டியையும் மந்திரிப்பார். பெர்னார்ட் இந்தக் காரைப் புதுசா எடுத்ததே அந்தத் திருநாளாப் பாத்துத்தான். காருக்குப் பத்து வயசு ஆனதுலேர்ந்து ஜூலை வந்தா, திருநாள் அன்னைக்குக் காலையில காரை எடுத்துக்கிட்டு எங்கயோ போவார். பதினொரு மணிக்கு நாலு கறிபஃப் சூடாக் கொண்டாருவார். "டேக்கா மார்க்கெட்ல அரை மணி நேரம் கியூல நின்னேன் மதலேனா"ம்பார். சாயங்காலம் நான் நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்குவேன், காருக்கு ஒரு மல்லிச் சரம் போட்டு மந்திரிப்புக்குப் போவோம். காலையில அவர் எங்க போனார்னு நான் கேட்டதே இல்லை. காரைக் கழுவக் கொண்டுபோறார்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

இந்த வருஷம் நானே கழுவினேன். பக்கெட்டைத் தூக்கிக்கிட்டுக் கீழ ரெண்டு நடை. மல்லிப்பூ வாங்கிப் போட்டேன். ஃபாதர் தீர்த்தம் தெளிச்சப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. காருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அப்புறம் அக்டோபர்ல ரெண்டாவது ஞாயிறு.

கிராஞ்சியில மூணு பேர் ஏறினாங்க. முன்னால ஆர்னால்ட், தூத்துக்குடிக்காரர், கம்பெனியில லாரி ஓட்டுறார். பின்னால ரிச்சர்ட், அவர் ஏறி உட்கார்ந்தாலே தூங்கிடுவார். பக்கத்துல ஸ்ரீநாத். அவன் இந்துப் பையன். நாங்க பூசையில இருக்கிற நேரம் அவன் அம்மன் கோவிலுக்குப் போயிடுவான், சாப்பாட்டுக்குக் கரெக்டா வந்து சேந்துக்குவான்.

"பெல்ட்டு"ன்னேன். மூணு கிளிக் கேக்காம நான் வண்டியை எடுக்க மாட்டேன். பெர்னார்ட் பழக்கம் அது.

ரெண்டு பக்கமும் பண்ணையும் செடியுமா இருக்கிற ரோட்டுல போய்க்கிட்டு இருக்கோம். ஆர்னால்ட் போனை நோண்டிக்கிட்டே வந்தார். போன வாரம் அவங்க கம்பெனி லாரி ஒண்ணு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாம ஓடி மாட்டிக்கிச்சாம். இப்போ டிரைவர் எல்லாரும் வண்டி நம்பரைப் போட்டுப் பாத்துட்டுத்தான் சாவி வாங்கணுமாம்.

"நம்பர் போட்டா என்ன வரும் தம்பி?"

"ரோட் டாக்ஸ் என்னைக்கு முடியுதுன்னு வரும் ஆன்ட்டி. பழைய வண்டின்னா வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகாம ரோட் டாக்ஸ் கட்ட முடியாது. அதனால இதைப் பாத்தா அதுவும் தெரிஞ்சிடும்."

"அப்ப நம்ம காரைப் போட்டுப் பாருங்க. கம்பெனியில காட்டுங்க, வண்டி வச்சிருந்தா இப்படி வச்சிருக்கணும்னு."

போட்டார். மறுபடியும் போட்டார்.

"ஆன்ட்டி, முன்னால எங்கயாச்சும் எடம் இருந்தா நிறுத்துங்களேன்."

ஒரு பூச்செடி நர்சரி வந்துச்சு. அதோட கார்பார்க்குள்ள விட்டேன். ஆர்னால்ட் போனை என் பக்கம் திருப்பினார். கண்ணாடி போட்டுப் பாத்தேன்.

"ஜூலையோட முடிஞ்சிருச்சு ஆன்ட்டி."

"அதெப்படி முடியும்? ஜூலையிலதானே ஃபாதர் மந்திரிச்சார்."

பின்னாலேர்ந்து ஸ்ரீநாத் சொன்னான், "ஃபாதர் பிரேக்கை டெஸ்ட் பண்ணிருக்க மாட்டார் ஆன்ட்டி."

ரிச்சர்ட் கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. அந்தக் காலை நேரமெல்லாம் அவர் எங்க போனார்னு அப்பத்தான் புரிஞ்சுது. திருநாள்ல பாதிதான் எனக்குத் தெரியும். மறு பாதியை அவர் தனியாப் போய் முடிச்சிட்டு வந்திருக்கார். ஞாபகப்படுத்துற மெசேஜெல்லாம் அவர் போனுக்குத்தான் போயிருக்கும். அந்தப் போன் அலமாரி டிராயர்ல, அவர் ஜெபமாலைக்குப் பக்கத்துல, சார்ஜ் இல்லாமக் கிடக்கு.

"இப்ப இடிச்சா என்ன ஆகும்?"

ஆர்னால்ட் தலையைச் சொறிஞ்சார். "இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான் ஆன்ட்டி. போலீஸ் புடிச்சா காரையும் தூக்கிட்டுப் போயிடலாம்."

"இத்தனை வாரமா ஒண்ணும் ஆகலையே," ஸ்ரீநாத் சொன்னான். "மெதுவா வீட்டுக்குப் போயிடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் தோணுச்சு. அரை மணி நேரத்துல வீடு. இங்கேர்ந்து கட்டி இழுத்துக்கிட்டுப் போகணும்னா ஷார்லீனுக்குத் தெரியாம முடியாது, தெரிஞ்சா சாவி போச்சு, கார் போச்சு, ஞாயித்துக்கிழமையும் போச்சு. சாவி மேல கையை வச்சுட்டேன். அப்போ கண்ணாடியில பாத்தேன். பின்னால ரெண்டு பேரும் பெல்ட்டைக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருக்காங்க, நான் எடுப்பேன்னு.

சாவியை உருவிப் பையில போட்டேன்.

"இறங்குங்க. பஸ்ல போவோம்."

காரைப் பாத்துக்கிட்டிருந்த ஒர்க்‌ஷாப்காரர் அஹமது கபீருக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "அக்கா, காரை இன்னும் வச்சிருக்கீங்களா? பெர்னார்ட் அண்ணன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மொத நாள் என்கிட்ட காட்டாமப் போகமாட்டாரே. இந்த ஜூலையில வரலைன்னதும் நீங்க கொடுத்துட்டீங்கன்னு நெனச்சிட்டேன்." இழுத்துக்கிட்டுப் போக வண்டி அனுப்புறேன், சாவியை நர்சரியில கொடுத்துட்டுப் போங்கன்னார்.

பஸ் ஸ்டாப்ல நாப்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். ரோட்டுல ஒரு லாரி போச்சு, பின்னால பத்துப் பதினஞ்சு பேர், ஆர்னால்டைப் பாத்துக் கை ஆட்டினாங்க. எனக்கு மனசு கேக்கலை.

"தம்பிங்களா, என்னை மன்னிச்சிடுங்க. இன்னையோட பன்னெண்டு ஞாயிறு. இன்சூரன்ஸ் இல்லாத கார்ல உங்களை ஏத்திக்கிட்டுச் சுத்திருக்கேன். ஏதாச்சும் ஆகிருந்தா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ஆர்னால்ட் அந்த லாரி போன பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தார்.

"வாரத்துல ஆறு நாள் இவங்க ரெண்டு பேரும் அது பின்னாலதான் போறாங்க ஆன்ட்டி. உங்க கார்லதான் பெல்ட்டே போடுறாங்க."

பையில இருந்த முறுக்கைப் பிரிச்சுக் கொடுத்தேன். பெர்னார்ட் நாலு தடவை டெஸ்ட் எடுத்த கதையைக் கேட்டான் ஸ்ரீநாத், நூறு தடவை கேட்டதுதான். மூணாவது தடவை அவர் வைப்பரைப் போடுறேன்னு ஹாரனை அமுக்கினதைச் சொன்னதும் ரிச்சர்ட்கூட முழிச்சிக்கிட்டார். பூசைக்கு நாங்க போய்ச் சேர்ந்தப்போ நற்கருணை கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே ஷார்லீனை வரச்சொன்னேன். சாவியை மேசை மேல வச்சேன், அவங்கப்பா போனையும் பக்கத்துல வச்சேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவ சாவியைத் தொடலை. போனை எடுத்துச் சார்ஜ் போட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அது உயிர் வந்து, மெசேஜ் மேல மெசேஜா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஏழோ எட்டோ இன்ஸ்பெக்‌ஷனைப் பத்தி.

"ஏம்மா, வீட்டுக்கு ஓட்டிட்டு வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே," அப்படின்னா.

"பின்னால ஆள் இருந்துச்சுடி."

அவ அந்த மெசேஜையெல்லாம் ஒவ்வொண்ணாப் படிச்சா. அப்புறம் சொன்னா, "இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆனா ஜூலை வரைக்கும் வச்சுக்குங்க. ஆகலைன்னா அங்கேர்ந்தே ஸ்கிராப். ஆனா இனிமே மெசேஜெல்லாம் என் நம்பருக்கு வரணும்."

புதன்கிழமை லீவு போட்டுட்டு அவளும் வந்தா. கபீர் பிரேக், லைட்டெல்லாம் சரி பண்ணி இழுவை வண்டியிலேயே இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பிட்டார். நான் அந்த இடத்தைப் பாத்ததே இல்லை. காரை வரிசையில விட்டுட்டு வெளிய உட்காரணும். பக்கத்துல சின்னக் கேண்டீன். ஒரே வாசனை. எழுந்து போய்ப் பாத்தேன், எண்ணெயிலேர்ந்து கறிபஃபை அப்பத்தான் எடுக்குறாங்க. மடிப்புல அதே பின்னல், ஓரத்துல அதே கருகல்.

கடைக்கார அம்மா பேரு ஹம்னா. "நாலு கொடுங்க"ன்னேன். அவங்க கட்டிக்கிட்டே சொன்னாங்க, "வருஷா வருஷம் ஒரு அங்கிள் வருவார், பச்சைக் கார். அவரும் நாலுதான் வாங்குவார். கடைப் பேர் போட்ட பையில போடாதீங்க, சாதாப் பையில போடுங்கம்பார்."

டேக்காவாம். அரை மணி நேரம் கியூவாம். ஷார்லீனுக்குச் சொன்னேன். அவ சிரிச்சுச் சிரிச்சு அழுதுட்டா. நானும்தான்.

கார் வெளிய வந்துச்சு. பாஸ். அபராதம், ரோட் டாக்ஸ் எல்லாத்தையும் ஷார்லீன் அங்க உட்கார்ந்தே போன்ல கட்டினா. நான் போய் டிரைவர் கதவைத் திறந்தேன். தலகாணி பின் சீட்டுல கிடக்கு. ஓட்டிப் பாத்த பையன் என்னைவிடக் குள்ளம் போல, சீட்டை நல்லா முன்னால இழுத்து விட்டிருக்கான். பின்னால தள்ளிப் பாத்தேன். ஒரு கட்டம், ரெண்டு கட்டம். எது அவர் இடம்னு தெரியலை. அப்புறந்தான் உறைச்சுது. இங்க வந்த ஒவ்வொரு தடவையும் யாரோ இதை மாத்திருப்பாங்க, அவர் திரும்ப அவருக்குத் தோதா இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

எனக்குத் தோதா வச்சுக்கிட்டேன். கால் நல்லா எட்டுச்சு.

அடுத்த ஞாயிறு கிராஞ்சியில ஆர்னால்ட் உடனே ஏறலை. வெளிய நின்னு போன்ல நம்பரைப் போட்டுப் பாத்தார்.

"ஏறலாம் ஆன்ட்டி."

ரிச்சர்ட் தலகாணியைத் தலைக்கு வச்சுக்கிட்டார். சாதாப் பையில இருந்த கறிபஃப் வாசனையை ஸ்ரீநாத் மோப்பம் பிடிச்சுட்டான். "எங்க வாங்கினது ஆன்ட்டி?"

"டேக்கால. அரை மணி நேரம் கியூல நின்னேன். பெல்ட்டு."

மூணு கிளிக் கேட்டுச்சு. வண்டியை எடுத்தேன்.