சிரித்த படம்

"மாத்திரை அட்டைய எங்க வெச்சீங்க?"

கணவனின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்" என்றான், செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தபடி. "இனிமே உன்னைப் பார்க்க மாட்டாராம். நேத்து நானும் அம்மாவும் போய்ப் பேசிட்டு வந்தோம்."

"நான் இல்லாமலா?"

"நீ எதுக்கு? அதான் நாங்க போனோமே."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "வருஷக் கணக்கா மாத்திரை முழுங்குறவளப் பார்த்து நாலு பேர் என்ன பேசுவாங்க? போட்டோவைக் காட்டினேன். டாக்டரே சிரிச்சிட்டார்."

எந்தப் போட்டோ என்று அவள் கேட்கவில்லை. கொழுந்தனார் வீட்டு விருந்தில் எடுத்தது. யாரோ ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிற படம். வலி இருக்கிறவள் இப்படிச் சிரிப்பாளா என்று அன்று முதல் வீட்டில் ஒரு விசாரணை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலையில் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலையை யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

அவளால் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்கும், அங்கிருந்து வாசலுக்கும் நடந்தாள். தன் பியூட்டி பார்லரில் ஏணியிலிருந்து விழுந்த நாளில் தொடங்கிய வலி அது. இடுப்பில் புறப்பட்டு, தொடை வழியே இறங்கி, இடது குதிகாலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை மருந்துக் கடையில் மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் கிடைக்காதபோது உடம்பு முழுக்க வியர்த்து, கை நடுங்கி, கத்தரிக்கோலைக் கீழே போட்டிருக்கிறாள். கை நடுங்குகிறவளிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்?

தெருமுனையில் இருந்த அந்தப் பார்லர் அவளுடையது. அன்று கடைக்கு வந்து கண்ணாடி முன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள் நாத்தனார்.

"அண்ணி, உங்க மேலயும் தப்பு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பொண்ணு பார்க்கப் போற மாதிரி பளபளன்னு போறீங்க. யார் நம்புவாங்க? நாளைக்கு நேரா நீங்களே போங்க. தலையைக் கலைச்சிவிட்டு, ரெண்டு முனகல் போட்டுப் பாருங்க, டாக்டர் எந்திரிச்சு நிப்பார்."

"முனகத் தெரியலியே."

"உங்களுக்கா? எங்க அம்மாகிட்ட ஒரு வாரம் டியூஷன் போங்க."

இருவரும் சிரித்தார்கள். நாத்தனார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சிரிக்காதீங்க அண்ணி. யாராவது போட்டோ எடுத்துடப் போறாங்க."

நாத்தனார் போன பிறகு அவள் கண்ணாடி முன் நின்றாள். மற்ற பெண்களின் களைப்பை மறைப்பதுதான் அவள் தொழில். அதையே தலைகீழாகச் செய்வது பெரிய காரியமா? கண்ணுக்குக் கீழே லேசாகக் கருமை, உதட்டில் கொஞ்சம் பவுடர், நெற்றியில் பிரிந்து விழும் மயிர். சிறிது நேரத்தில் கண்ணாடிக்குள் ஒரு நோயாளி வந்து நின்றாள். யார் பார்த்தாலும் நம்புவார்கள்.

அவளுக்குத்தான் அந்த முகத்தைப் பிடிக்கவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. கிளினிக் பெஞ்சில் காத்திருக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போவாள். இத்தனை வருஷத்தில் அந்த டாக்டர் அவளைப் பார்த்திருக்கிறார். அவள் வலியை ஒருநாளும் பார்த்ததில்லை.

முகத்தைக் கழுவினாள்.

மறுநாள் நல்ல சேலை கட்டி, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு கிளம்பினாள். கைப்பையில் தப்பியிருந்த ஒற்றை மாத்திரையை மட்டும் போடவில்லை. "மானத்த வாங்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே கணவனும் பின்னால் வந்தான். கிளினிக் மாடியில் இருந்தது. படிக்கு ஒரு முறை நின்று ஏறினாள். உள்ளே பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. சுவருக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

டாக்டர் நிமிர்ந்து, அவளைத் தாண்டிக் கணவனைப் பார்த்தார். "என்ன சார், முந்தாநாளே எல்லாம் சொல்லிட்டேனே?"

"எனக்குச் சொல்லலியே டாக்டர்."

"உங்க வீட்டுக்காரருக்கு விளக்கமா சொல்லியிருக்கேம்மா."

"அவருக்கு இடுப்பு நல்லா இருக்கு."

வாசலில் நின்ற நர்ஸ் இருமி, சிரிப்பை விழுங்கினாள். டாக்டரின் பேனா நின்றது. "அவங்கள உட்காரச் சொல்லுங்க சார்."

"உட்கார முடியாது. இன்னிக்கு மாத்திரை போடல." மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "என்னைப் பார்க்க வேணாம்னா வேணாம். ஆனா ஏன்னு என்கிட்ட சொல்லணும். ஒரேயடியா நிறுத்தினா எனக்கு உடம்பு நடுங்கும். எப்படிக் குறைக்கணும்னு சொல்லணும். அடுத்து யார்கிட்ட போகணும்னு எழுதி, என் ஸ்கேன் படத்தையெல்லாம் கொடுக்கணும். போட்டோவைப் பார்த்துத்தான் வைத்தியம்னா, அந்தப் படத்தையும் தர்றேன்."

"வெளியே ஆள் காத்திருக்காங்கம்மா."

"நானும்தான் காத்திருக்கேன்."

அவர் மணியை அடித்தார். அடுத்த நோயாளியாக ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் நகரவில்லை. "வாங்க, எங்க வலிக்குது?" என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அவ்வளவு சின்னக் கேள்வி. அவளிடம் கடைசியாக அதை எப்போது கேட்டார் என்று அவளுக்கு நினைவில்லை.

பெரியவர் அவளைப் பார்த்தார், மேசையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "முதல்ல இந்தம்மாவைப் பாருங்க டாக்டர். நிக்க முடியல அவங்களுக்கு."

டாக்டர் முதல்முறையாக அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எழுதினார். வாரத்துக்கு வாரம் எவ்வளவு குறைப்பது, வேறொரு வலி மருத்துவரின் பெயர், அதுவரை அவரே பார்ப்பது. ஏன் நிறுத்தினார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நர்ஸ் ஸ்கேன் உறையைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சேர்த்து, பழக்க தோஷத்தில், கணவனிடம் நீட்டினார் டாக்டர். கணவனின் கையும் அதே பழக்கத்தில் எழுந்தது.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். உறை சிறிது நேரம் மேசைமேல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

படியிறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாதி வழியில் கணவன் நின்றான்.

"அவ்ளோ வலிக்குதா உனக்கு?"

இத்தனை வருஷத்தில் அவன் கேட்டது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, அந்தப் படத்தில் இருந்த அதே சிரிப்பு. மேலே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடுப்பிலிருந்து குதிகால்வரை தீயாய் இறங்கியது.

சிரித்துக்கொண்டே, மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்த அவன் சட்டைப் பைக்கு நேராகக் கையை நீட்டினாள்.