கீழத்தெருவின் முதல் வேட்டு

"தண்ணி வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சூசைமாணிக்கம். நீட்டிய செம்பை மிக்கேலம்மா கீழே வைத்தாள். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவுக்கு வரும்போதெல்லாம் இப்பத்தான் குடித்துவிட்டு வருவார்கள். தாகமே எடுக்காத பரம்பரை.

அவர் கையில் பங்கின் நூற்றாண்டு மலர் இருந்தது. வழவழப்பான தாள், ஆயரின் வாழ்த்து, பட்டாசுக் கம்பெனி விளம்பரங்கள். பங்கின் வரலாற்றை அவரே எழுதியிருந்தார். நூறு வருடத்துக்கு முன்பு காலராவில் ஊர் செத்துக்கொண்டிருந்தபோது, 'எளிய பக்தர் ஒருவர்' ஆனைக்குட்டம் வழியாகச் செபஸ்தியார் சுரூபத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாராம். அந்த எளிய பக்தருக்குப் பெயர் உண்டு. உள்ளே கட்டிலில் கிடக்கும் மிக்கேலம்மாவின் புருஷன் சந்தியாகுவின் பூட்டன் அவர். காலரா நின்றதும், பத்திரமாக இருக்கட்டும் என்று சுரூபத்தை மேலத்தெருக் கோயிலில் வாங்கி வைத்தார்கள். செபஸ்தியார் ஊருக்கே பாதுகாவலர் ஆனார். சப்பரம் ஏறிய நாள் முதல் கீழத்தெருப் பக்கம் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை.

"ஒங்களுக்குன்னு தனியா ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கேன். படிச்சுப் பாரு."

மிக்கேலம்மா வாசித்தாள். 'கீழத்தெருவார் கையால் முதல் வேட்டு முழங்கிய பின்னரே சப்பரம் எழும். பிறர் கை அந்தத் திரியைத் தொடலாகாது. நூற்றாண்டு கண்ட புனித உரிமை இது.'

கை போகக்கூடிய வேலையைக் கீழத்தெருவின் தலையில் கட்டிவிட்டு, அதற்கு உரிமை என்று பெயர் வைக்க ஒரு தலைமையாசிரியர் வேண்டியிருந்தது.

"போன வருசம் வரைக்கும் அவுகதான் வேட்டுப் போட்டாக" என்றாள். "பட்டாசுக் கம்பெனியில மருந்து வெடிச்சதுல இருந்து எந்திரிக்க முடியாமக் கெடக்காக. செபஸ்தியாரப் பாக்கணும்னு ஒரே ஏக்கம். சப்பரம் ஒரு நடை நம்ம தெருவுக்குள்ள வரட்டும் சார். வேட்ட நான் போடுதேன்."

"எனக்கு என்னம்மா ஆட்சேபணை? கரண்டு ஒயரு தாழக் கெடக்கு. சப்பரம் தட்டும்."

"கம்பெனி லோடு லாரி தெனமும் இங்கனதான போகுது. அம்புட்டு ஒசரத்துக்கும் தட்டாத ஒயரு செபஸ்தியாருக்கு மட்டுந்தான் தட்டுமாக்கும்?"

பங்குச்சாமியிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். இந்த வருடம் மரபை மாற்ற வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார் பங்குச்சாமி. அவருக்கு முன்னிருந்த பதினொரு சாமிகளும் அதையேதான் சொன்னார்கள். மலரில் அவர்கள் படங்கள் வரிசையாக இருக்கின்றன.

திருவிழா அன்று மாலை திருப்பலி முடிந்தது. செவ்வந்தி மாலைகளுக்கு நடுவே, அம்பு தைத்த உடம்போடு செபஸ்தியார் சப்பரத்தில் நின்றார். மணி அடித்தது, மேளம் அடித்தது. வேட்டு மட்டும் வெடிக்கவில்லை.

சூசைமாணிக்கம் வேர்த்து விறுவிறுத்துக் கீழத்தெருவுக்கு ஓடிவந்தார். தெருவே அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தது. மிக்கேலம்மாவின் மடியில் நூற்றாண்டு மலர், பக்கத்தில் தீப்பெட்டி.

"என்னம்மா இது? ஊரே காத்துக் கெடக்கு!"

"எங்க கையாலதான் போடணும்னு நீங்கதான சார் அச்சடிச்சிருக்கீக. நான் மாட்டேன்னா சொன்னேன்? சப்பரம் எங்க தெருவுக்கு வரும்னு பங்குச்சாமி வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த நிமிசம் வந்து போடுதேன்."

அவர் திரும்பிப் போய்ச் சொன்னார். சப்பரம் தூக்க நின்றவர்களில் மூன்று பேர் பட்டாசுக் கம்பெனி முதலாளிகள். தேசத்துக்கே வெடி அனுப்புகிறவர்கள். பங்குச்சாமி எரியும் ஊதுபத்தியை அவர்களிடம் நீட்டி, "யாராவது ஒருத்தர் திரியப் பத்த வைங்கப்பா" என்றார்.

ஒரு கையும் நீளவில்லை.

"எங்களக் கீழத்தெருன்னு நெனச்சீகளா சாமி?" என்று கேட்டார் ஒரு முதலாளி.

புனித உரிமையின் லட்சணம் அவ்வளவுதான். பத்தி எரிந்து விரலைச் சுட்டதும் பங்குச்சாமி அதைக் கீழே போட்டார்.

கீழத்தெருவில் கட்டிலிலிருந்து சந்தியாகு குரல் கொடுத்தார். "வேட்டுச் சத்தமே கேக்கலையே. செபஸ்தியாரு கெளம்பலையா?"

"இன்னும் கெளம்பல." மிக்கேலம்மா தீப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கெளம்புனா நம்ம தெரு வழியாத்தான் வருவாரு. நீங்க தூங்கிராதீக."