அய்யா இல்லாத பெயர்

ஒலக்கூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 1986-இல் கண் முகாம் போட்டார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த நர்ஸ் நான்தான். சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி டாக்டரிடம் அனுப்புவது என் வேலை.

"கோதண்டபாணி, வாங்க" என்றேன்.

வரிசையில் பேச்சு நின்றுபோனது. பாதி ஊர் நிலம் அவருடையது. நாற்காலியை விட்டு அவர் எழவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடுற அளவுக்கு வந்துட்டியா?"

"எல்லாரையும் இப்படித்தான் கூப்புடுறேன். வாங்கன்னுதானே சொன்னேன்?"

அவர் வயலில் உழைத்தே கூன் விழுந்த என் அப்பா வரிசையை விட்டு ஓடிவந்தார். "மனசுல வெச்சிக்காதீங்க அய்யா. நாலு எழுத்துப் படிச்சிட்டு இப்படிப் பேசிக்கினு திரியுது." கும்பிட்ட கையை அவர் இறக்கவே இல்லை.

கோதண்டபாணி எழுந்தார். கூட வந்திருந்த அவருடைய பேத்திக்கு ஆறு வயது இருக்கும். "டேய் சவரிமுத்து, தாத்தா செருப்ப எடுத்தாடா" என்றாள். அப்பா குனிந்து எடுத்தார். இதற்கு வரிசையில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பேசப் பழகும்போதே அந்தக் குழந்தைக்கு இதையும் பழக்கியிருந்தார்கள். என் அப்பனுக்கும்தான்.

கோதண்டபாணி டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே வந்ததும் அடுத்த சீட்டை எடுத்தேன். அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தேன்.

"சவரிமுத்து, வாங்க."

அப்பா நகரவில்லை. அந்தப் பெயரில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.