பாதிச் சம்பளத்துக்குப் பாதிப் பாட்டு

கிளப் முதலாளிக்குச் சம்பளம் பேசும்போது மட்டும் தத்துவம் வந்துவிடும். அன்று சாயங்காலம் பாடகி மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதும் வந்தது.

"ஏம்மா, இங்க யாரு பாட்டு கேக்கறாங்க? குடிக்க வர்றாங்க, கதை பேச வர்றாங்க. கேக்காத காதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்? இனிமே பாதிச் சம்பளம்தான்."

சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் பின்னால் போய் கிளாஸ் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பாடகிக்குச் சுர்ரென்று ஏறியது. பாதி ஐஸ் உருகிப்போகிறது என்று ஐஸ்காரனுக்குப் பாதி விலை கொடுத்துப் பார்க்கட்டுமே இந்த மனுஷன்! ஆனால் அவள் கவலை வேறு. பேஸ் கிட்டார் வாசிப்பவன் அவள் கொழுந்தன். பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் அவனுக்குத் தயாராக இருந்தது. "இப்ப வர்ற சம்பளம் குறையாம வந்தா இருக்கேன். இல்லைன்னா திங்கக்கிழமை அங்க சேந்துடறேன். தப்பா நினைக்காதீங்க அண்ணி" என்று காலையில்தான் சொல்லியிருந்தான். அவன் போனால் குழுவும் போச்சு, குக்கர் விசிலுக்கு நடுவே சமையலறையில் இரண்டு பேரும் சண்டை போட்டுக் கட்டிய பாட்டுகளும் போச்சு.

கோபத்தில் வரும் யோசனைக்கு மூளை கம்மி. அவளுக்கு வந்ததும் அந்த ரகம்தான். கொழுந்தனிடம் சொன்னாள்:

"பாதிச் சம்பளத்துக்குப் பாதிப் பாட்டு. ஒரு வரி பாடுவேன், அடுத்த வரிக்கு வாயைத் திறக்க மாட்டேன். நீயும் அங்கங்க நிறுத்திடு. ஜனங்க கூச்சல் போட்டா அவர் தானா வழிக்கு வருவார்."

"அப்ப நான்?" என்றார் டிரம்ஸ்காரர். ஊரே அவரை டமாரம் என்றுதான் கூப்பிடும்.

"உங்களுக்கு ஒரு கை போதும்."

டமாரத்தின் முகம் வாடிவிட்டது. "எந்தக் கை?" என்று கவலையோடு கேட்டார்.

'குடை மறந்து வந்தவனே, கொஞ்சம் உள்ளே வா' என்று பாடகி ஆரம்பித்தாள். அடுத்த வரிக்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். கொழுந்தன் கம்பிமேல் கையை வைத்து அடக்கினான். கவுண்டரில் முதலாளியின் தலை நிமிர்ந்தது. பாடகிக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

"மழைக்கு என்ன அவசரமோ, நின்ன பிறகு போ!"

பாடியது மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர். அந்த முதுகு என்றைக்காவது திரும்பி அவள் பார்த்ததில்லை. அடுத்து அவள் விட்ட வரியை இரண்டு மேஜைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்ததைத் தட்டு ஏந்தி நின்ற சர்வர் உட்பட ஹாலே பாடியது. சமையலறையில் இழுபறியாகி, கடைசியில் கொழுந்தன் இஷ்டத்துக்கு அவள் விட்டுக்கொடுத்த வார்த்தைகூட அவர்கள் வாயில் பிசகாமல் வந்தது. இத்தனை நாளும் சுவருக்குப் பாடுகிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள்! மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்று கேட்டாள். பாட நினைத்தாலும் இப்போது முடிந்திருக்காது.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க அண்ணி" என்று கொழுந்தன் முணுமுணுத்தான். அவன் கண்ணும் சரியில்லை.

இடைவேளையில் முதலாளி வாயெல்லாம் பல்லாக மேடைக்கு ஓடிவந்தார். பக்கத்தில் மைக் உயிரோடு இருப்பது அவருக்கு உறைக்கவில்லை.

"மீதியை அவங்களே பாடிக்கிறாங்களேம்மா! பாதிச் சம்பளமே ஜாஸ்தி போலிருக்கே!"

ஹால் முழுக்கக் கேட்டது. கொழுந்தன் கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

வழுக்கைத் தலைக்காரர் பில்லோடு எழுந்து வந்தார். "பாதிப் பாட்டு நாங்க பாடியிருக்கோம். நீங்க மிச்சம் பிடிச்ச சம்பளம் எங்களுக்குத்தானே வரணும்? இதுல கழிச்சுக்கோங்க."

முதலாளி சிரித்துப் பார்த்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். வழுக்கைத் தலைக்காரருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், எல்லார் கையிலும் பில்.

"எனக்குத் தனி ரேட். மேல் ஸ்தாயியில பாடினேன்" என்றாள் ஒருத்தி.

"உங்களுக்கெல்லாம் காதே இல்லைன்னுல்ல நினைச்சேன்!" என்று முதலாளி பதறிப்போய் உளறினார். அதுவும் மைக்கில் போனது. ஹாலில் எழுந்த கூச்சலில் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா தாயே, முழுசாப் பாடிடும்மா. முழுச் சம்பளம் தரேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும்! எப்பவும்!"

"மைக்ல சொல்லுங்க."

சொன்னார். சொன்ன கையோடு பணத்தையும் எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தார். அவன் உறையிலிருந்து கிட்டாரை வெளியே எடுத்த பிறகுதான் பாடகிக்கு மூச்சே வந்தது.

டமாரம் இரண்டு கையாலும் வெளுத்துக்கட்ட, அடுத்த பாட்டு ஆரம்பமானது. முதல் வரியை முடித்துவிட்டு இரண்டாவதற்கு அவள் வாயெடுத்ததும் வழுக்கைத் தலைக்காரர் துள்ளி எழுந்தார்.

"ஏம்மா, அது எங்க வரி!"

பாடகி சிரித்துக்கொண்டே மைக்கை ஹால் பக்கம் நீட்டினாள். முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாதிப் பாட்டு பாட அவளுக்கு அன்று கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.