தம்பதியர் அறை

விடிந்ததிலிருந்து இருளாயி சக்கர நாற்காலியில் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஜோசலின் பின்னால் நின்று அவளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மலேசியாவின் ஈப்போ நகரில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்துக்கு ஜோசலின்தான் சமூகப் பணியாளர். ஆள் பற்றாக்குறையில் தலை வாரிவிடுவதும் அவள் தலையில்தான் விழுந்தது.

"வேன் கெளம்பிருச்சாம்மா?"

"தாத்தா பத்து காஜால ஏறிட்டாரு லா பாட்டி. இப்ப வந்துருவாரு."

ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது இருளாயிக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. புருஷன் பெண்சாதியைச் சேர்த்து வைக்க எங்கேயும் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவள் இங்கே வந்தாள். புருஷன் சன்னாசி பத்து காஜா ஊரில் இருந்த ஆண்கள் இல்லத்துக்குப் போனார். ஆயுசு முழுக்க ஒரே நிரையில் பால்மரம் சீவியவர்களை இப்படிப் பிரித்துப்போட்டது ஜோசலினுக்குப் பொறுக்கவில்லை. நன்கொடையாளர்கள் பின்கட்டில் தம்பதியருக்கென்று ஓர் அறை கட்டிக் கொடுத்ததும், நிர்வாகி கனகராஜிடம் நடையாய் நடந்தாள். "சரி, அவங்களுக்கே குடுத்துரலாம்" என்று அவரும் ஒருவழியாகத் தலையாட்டினார்.

வேனிலிருந்து இறங்கிய சன்னாசி நேராக நாற்காலியிடம் வந்தார்.

"சாப்டியா?"

"நீங்க வராம எப்படி?"

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. இருவரையும் புதுக் கட்டிலில் உட்கார வைத்து, தோளில் கை போடச் சொன்னார்கள். குறுக்கே பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

விருந்தினர் கார்கள் போனதும் கனகராஜ் கூப்பிட்டார். "தாத்தாவ வேன்ல ஏத்திரு. டிரைவர் போவணுமாம்."

"சார், ரூம் அவங்களுக்குன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன் லா. இப்ப காசு கட்டுற குடும்பம் ஒன்னு கேக்குது. இவங்கள வச்சுக்கிட்டு கரண்டு பில்லு யாரு கட்டுறது? நீதான சோஷியல் ஒர்க்கர், பக்குவமா எடுத்துச் சொல்லு."

"ஆசை காட்டி மோசம் பண்றது இது, சார்."

அவர் கைப்பேசியில் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது போய்ச் சொன்னால் அந்த இரண்டு பேரையும் அதட்டித்தான் சொல்வார்கள் என்பதால் ஜோசலினே பின்கட்டுக்கு நடந்தாள்.

சன்னாசி தன் சட்டைகளை அலமாரியில் அடுக்கி முடித்திருந்தார். இருளாயி நல்ல கையை ஊன்றிச் சுவரோரமாக நகர்ந்து படுத்து, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

"வாம்மா," என்றார் சன்னாசி. "அந்த வேன்காரத் தம்பிகிட்ட சொல்லிரு. நான் இங்கதான் இருக்கப்போறேன்னு தெரியாம பாவம் காத்துக்கிட்டு இருக்கான்."