கடலில் விட்ட சட்டை

மதுஷாவுக்குக் கடல் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. அம்மாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான்.

போன கார்த்திகை மழையில் மடுல்சீமையில் மலை சரிந்தது. மாட்டுக்குப் புல் அறுக்கப் போன அப்பா புவனேந்திரனை மண் மூடிவிட்டது. உடல் கிடைக்கவே இல்லை. மலையடியில் இருக்கிற லயமும் அடுத்த மழைக்குத் தாங்காது என்று அதிகாரிகள் சொன்னதும், எல்லோரும் மேட்டுத் தகரக் கொட்டகைகளுக்கு மாறினார்கள். அம்மா ஜீவராணி மட்டும் மாறவில்லை.

"ஒங்கப்பா வந்து கதவத் தட்டுனா யாரு தொறப்பா?"

தினமும் அவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஜீவராணியைப் பார்த்ததில்லை.

செத்தவர் துணியை ஆற்றில் விடுவது அவர்கள் வழக்கம். துணி போய்விட்டால் ஆளும் போய்விட்டார். பிறகு வாசலைப் பார்த்து உட்காரக் கூடாது. ஜீவராணி அதற்கும் மசியவில்லை. கடைசியில் பசறை வேன்காரர் ஜெஸீம்தான் வழி சொன்னார்.

"திருக்கோவிலுக்குக் கூட்டிப் போங்க மகள். கடலோரத்துல அந்தக் காலத்துக் கோயில், அமைதியான ஊரு. லீவுக்குப் போன மாதிரியும் இருக்கும், காரியமும் முடியும்."

ஜீவராணி யோசித்தாள். "அவருக்கும் கடல் பாக்கணும்னு ஆச. அங்க விட்டுட்டா ஒங்கூட கொட்டகைக்கு வந்துர்றேன்."

எத்தனை ராசாக்களைப் பார்த்த கோயிலோ, ஐப்பசி வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கரையில் கவிழ்த்த தோணிகளும் ஒரு நாயும்தான். ஜீவராணி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நீலச் சட்டையை விட்டாள். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். மதுஷாவுக்கு நெஞ்சு லேசானது. அப்பா போனதில் நிம்மதியா என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

மலையில் பிறந்த ஜீவராணிக்கு ஆறுதான் தெரியும். ஆற்றில் விட்டது ஒருநாளும் திரும்பி வராது. இங்கோ, நாலாவது அலை சட்டையைக் கொண்டுவந்து ஜீவராணியின் காலடியில் போட்டது.

"அல அப்பிடித்தாம்மா! எதப் போட்டாலும் கொண்டாந்து போடும்!" என்று மதுஷா ஓடினாள்.

ஜீவராணி அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? அவரு போகல."

திரும்பும்போது பிபிலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. "வெரசா ஓட்டுங்க ஜெஸீம் நானா, அவருக்குச் சோறு வைக்கணும்" என்றாள் ஜீவராணி.

லயத்து வாசலில் வேன் நின்றது. மேலே மலை கண்ணுக்குத் தெரியவில்லை, மழை இரைச்சல் மட்டும் கேட்டது. அம்மா இறங்கினாள். மதுஷா மேட்டுக் கொட்டகைக்கு ஏறும் பாதையைப் பார்த்தாள். பிறகு தன் பையையும் அங்கேயே இறக்கினாள்.